முழுசா ஏன் திறக்கணும்?

புராஜெக்ட் ரிவ்யூ நெருங்கினாலே காதில் விழும் ஒரு வசனம் உண்டு: "டேட்டாசெட் பெருசு, லேப்டாப்ல ரேம் பத்தல." இதைச் சொன்னால் டீம் முழுக்கத் தலையாட்டும், கைடும் மறுப்பதில்லை. அப்புறம் டேட்டாவின் முதல் 1 லட்சம் வரியை மட்டும் வெட்டி எடுத்து, அதை வைத்தே புராஜெக்ட்டை முடித்துவிடுவார்கள். வசதி இருப்பவர்கள் இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் போடுவார்கள். +2-வில் அரசு கொடுத்த லேப்டாப்பையே இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், "இந்த டாபிக் நமக்கு ஒத்து வராது" என்று வேறு தலைப்புக்கு மாறிவிடுவார்கள்.

அப்படி மாறிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டெக்ஸ்ட் ஃபைல் விஷயத்தில் "ரேம் பத்தல" என்பது பெரும்பாலும் தப்பான காரணம். 4 ஜிபி ரேம் உள்ள மெஷினில் 40 ஜிபி ஃபைலில் தேடலாம், திருத்தலாம், வரிசைப்படுத்தலாம். அதை டபுள் கிளிக் பண்ணித் திறக்கத்தான் முடியாது. நமக்குத் தெரிந்த ஒரே வழி டபுள் கிளிக் என்பதால், அது முடியாதபோது எதுவுமே முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

டபுள் கிளிக் பண்ணும்போது உள்ளே என்ன நடக்குதுன்னு பாருங்க. டிஸ்கில் 1 ஜிபி என்றால் மெமரியிலும் 1 ஜிபிதான் ஆகும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் எடிட்டர் டெக்ஸ்டை மட்டும் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது, எந்த வார்த்தைக்கு என்ன கலர், அன்டூ பண்ணினால் எதற்குத் திரும்பிப் போகணும் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாக இடம் வேண்டும். 2018 மார்ச்சில் விஎஸ் கோட் டீம் இதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார்கள். வெறும் 35 எம்பி ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். தோண்டிப் பார்த்தால் அந்த ஃபைலில் 1 கோடியே 37 லட்சம் வரிகள். வரிக்கு ஒரு ஆப்ஜெக்ட், ஒவ்வொன்றுக்கும் 40 முதல் 60 பைட். 35 எம்பி ஃபைலுக்கு 600 எம்பி மெமரி காலி. அதற்கப்புறம்தான் அவர்கள் உள்ளே இருக்கும் அமைப்பையே மாற்றினார்கள்.

மாற்றி வைத்தது ஒன்றும் புது ஐடியா இல்லை. பீஸ் டேபிள் என்று பெயர். 1974 வாக்கில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவான பிராவோ எடிட்டரிலேயே இருந்தது. அசல் டெக்ஸ்டைத் தொடவே மாட்டார்கள். நீங்கள் புதுசாக டைப் பண்ணுவது தனியாக ஒரு இடத்தில் சேரும். "அசலில் இங்கிருந்து இதுவரை, அப்புறம் புதுசில் இந்தத் துண்டு, மறுபடியும் அசலில் இங்கிருந்து" என்று ஒரு பட்டியல் மட்டும் இருக்கும். விஎஸ் கோட் அந்தப் பட்டியலை ஒரு ட்ரீயாக மாற்றி வைத்துக்கொண்டது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் ரெட்-பிளாக் ட்ரீக்கு ரொட்டேஷன் போட்டுப் போட்டு "இது எங்கடா யூஸ் ஆகும்" என்று கேட்டோமே, அது இங்கேதான் யூஸ் ஆகுது.

எடிட்டர் எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும், ஃபைல் ரேமைத் தாண்டினால் கதை வேறு. ஓஎஸ் உள்ளிருக்கும் பக்கங்களை டிஸ்குக்குத் தள்ளும், தள்ளியது மறுபடி தேவைப்படும், எடுக்கும், இன்னொன்றைத் தள்ளும். திராஷிங். எல்ஆர்யூ கணக்குப் போட்டு 13 மார்க் வாங்கினோமே, அதே விஷயம் கண் முன்னால் நடக்கும்போது மட்டும் "லேப்டாப் ஹேங் ஆயிடுச்சு" என்று பவர் பட்டனை அழுத்துகிறோம்.

இந்தப் பிரச்சனை நம்ம தலைமுறைக்கு வந்தது இல்லை. 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் ஓடிக்கொண்டிருந்த பிடிபி-11 மெஷினில் ஒரு புரோகிராமுக்குக் கிடைத்த இடம் 64 கேபி. அங்கே லீ மக்மேன் என்பவருக்கு ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை ஆராய ஆசை. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788-ல் ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள் அவை. சிலவற்றை யார் எழுதியது என்று சண்டை ஓய்ந்தபாடில்லை. எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று பார்த்தால் எழுத்தாளரைப் பிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் மொத்த டெக்ஸ்ட் 1 எம்பிக்கு மேல் வந்தது. அப்போது இருந்த எடிட்டரான 'எட்'-டுக்குள் அது நுழையவே நுழையாது.

கென் தாம்ப்சன் செய்த காரியம் ரொம்ப எளிமையானது. எட் எடிட்டரிலிருந்து தேடும் பகுதியை மட்டும் கழற்றித் தனி புரோகிராம் ஆக்கினார். ஒரு வரியைப் படி, பொருந்தினால் அச்சிடு, அந்த வரியை மறந்துவிடு, அடுத்த வரிக்குப் போ. அதுதான் 'கிரெப்'. எட் எடிட்டரில் "எல்லா வரியிலும் இந்த வடிவத்தைத் தேடி அச்சிடு" என்று கொடுக்கும் கட்டளையின் எழுத்துகள்தான் அந்தப் பெயர். பிறகு அதே லீ மக்மேன், தேடுவதோடு நிற்காமல் திருத்தவும் செய்யும் ஒன்றை எழுதினார். ஸ்ட்ரீம் எடிட்டர், சுருக்கமாக 'செட்'. 1977-ல் 'ஆக்' வந்தது.

64 கேபிக்குள் 1 எம்பி என்றால் இடத்தைவிட ஃபைல் 16 மடங்கு பெரிசு. உங்க 4 ஜிபி லேப்டாப்புக்கு அதே விகிதம் போட்டால் 64 ஜிபி ஃபைல். அரை நூற்றாண்டுக்கு முன்னால் தீர்த்து வைத்த கணக்கை நாம் இன்னும் "முடியாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, லினக்ஸ் இல்லையே, விண்டோஸ்தானே என்பீர்கள். கிட் இன்ஸ்டால் பண்ணும்போது கூடவே 'கிட் பேஷ்' என்று ஒரு கருப்பு விண்டோ வருமே, அதற்குள் கிரெப், செட், ஆக், 'லெஸ்', 'சார்ட்', 'ஸ்பிளிட்' எல்லாம் இருக்கு. அசைன்மென்ட் புஷ் பண்ணிவிட்டு மூடிவிடுகிறோம், அவ்ளோதான். டபிள்யூஎஸ்எல் நல்லதுதான், ஆனால் அது உள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷினை ஓட்டுகிறது. 4 ஜிபி மெஷினில் அதற்கே ரேம் போய்விடும். குறைந்த ரேமில் கிட் பேஷ்தான் என் ஓட்டு.

பெரிய ஃபைல் கையில் வந்ததும் முதலில் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "எதில் திறப்பது" என்பதில்லை. "இதில் எனக்கு என்ன வேலை?" என்பதுதான். பார்க்க மட்டும் வேண்டுமா? லெஸ் போதும். 10 ஜிபி ஃபைலையும் கண் இமைக்கும் நேரத்தில் திறக்கும், ஏனென்றால் திரையில் தெரிகிற பகுதியைத்தான் படிக்கிறது. 50 என்று அடித்து சதவீதக் குறியைத் தட்டினால் ஃபைலின் பாதிக்குத் தாவும். கடைசிக்குப் போகச் சொன்னால் சில சமயம் வரி எண்ணை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். கன்ட்ரோல்-சி அடித்து அந்த எண்ணிக்கையை நிறுத்திவிடலாம். முதல் 20 வரி போதுமென்றால் 'ஹெட்', கடைசி 20 என்றால் 'டெயில்'. ஒரு குறிப்பிட்ட எரர் எங்கே வந்தது என்று தேட வேண்டுமென்றால் கிரெப்.

எல்லா இடத்திலும் ஒரு சொல்லை மாற்றணுமா? செட். எந்த நேரத்திலும் மெமரியில் இருப்பது ஒரு வரியும் கொஞ்சம் பஃபரும்தான். ஃபைல் 1 ஜிபி ஆனாலும் 100 ஜிபி ஆனாலும் ரேம் செலவு ஏறக்குறைய ஒன்றே. கூடுவது நேரம் மட்டும்தான். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி படிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 ஜிபியை ஒரு தடவை முழுக்கப் படிக்க 100 விநாடி. அதே டிஸ்கில் எழுதவும் வேண்டும் என்பதால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செட் கொடுக்கும் வெளியீட்டை அதே ஃபைல் பெயருக்கே அம்புக்குறி போட்டுத் திருப்பிவிடாதீங்க. செட் படிக்க ஆரம்பிக்கும் முன்பே ஷெல் அந்த ஃபைலைத் துடைத்துக் காலி பண்ணிவிடும், மிஞ்சுவது 0 பைட். புது பெயரில் எழுதுங்க, 'டபிள்யூசி' வைத்து வரிகளை எண்ணிப் பாருங்க, சரியாக இருந்தால் பழையதை நீக்குங்க. இரண்டும் ஒன்றா என்று சரிபார்க்க 'டிஃப்' வேண்டாம், அது இரண்டு ஃபைலையும் மெமரிக்குள் இழுக்கப் பார்க்கும். 'சிஎம்பி' பைட் பைட்டாக ஒப்பிட்டுக்கொண்டே போய், முதல் வித்தியாசம் எங்கே என்று சொல்லிவிடும்.

டூப்ளிகேட் வரிகளை நீக்கவும் இதே கதைதான். பார்த்த வரியை எல்லாம் ஒரு அர்ரேயில் போட்டுவைக்கும் ஒரு குட்டி ஆக் கட்டளை எல்லார் நோட்டிலும் இருக்கும். சின்ன ஃபைலுக்கு அருமை, பெரிய ஃபைலுக்கு அந்த அர்ரேயே ரேமை முழுங்கிவிடும். சார்ட் கட்டளை அப்படிச் செய்யாது. மெமரிக்குள் அடங்கும் அளவுக்குத் துண்டு துண்டாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் தற்காலிக ஃபைலாக டிஸ்கில் எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கிறது. டிபிஎம்எஸ் புத்தகத்தில் எக்ஸ்டர்னல் மெர்ஜ் சார்ட் என்று ஒரு பாடம் வருமே, அதேதான். தற்காலிக ஃபைல்களை எந்த ஃபோல்டரில் வைக்கணும், எவ்வளவு மெமரி எடுத்துக்கணும் என்று சொல்ல ஆப்ஷனும் உண்டு. சில லினக்ஸ்களில் டெம்ப் ஃபோல்டரே ரேமில்தான் இருக்கும், அதனால் இடத்தை நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

இனி எல்லாரையும் குழப்பும் விஷயம். "10 ஜிபி ஃபைலின் முதல் வரியில் ஒரு எழுத்து சேர்க்கணும், அவ்ளோதான். இதுக்கு ஏன் இவ்வளவு நேரம்?" உங்க ரெக்கார்டு நோட்டை நினைத்துப் பாருங்க. பைண்டு பண்ணிய நோட்டு, எல்லாப் பக்கமும் நிரம்பியாச்சு. முதல் பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போச்சு என்று சார் சொன்னால், இடையில் செருக வழி இல்லை, அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் திரும்ப எழுதணும். டிஸ்கில் உள்ள ஃபைலும் அப்படித்தான். இருப்பதன் மேல் எழுதலாம், கடைசியில் சேர்க்கலாம், வாலை வெட்டலாம். நடுவில் செருகுவது என்ற வசதியை நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் ஃபைல் வாசிப்பு, எழுத்து முறைகள் தருவதில்லை. எடிட்டரில் அது சுலபமாகத் தெரிவதற்குக் காரணம், சேவ் கொடுக்கும்போது அது முழு ஃபைலையும் மறுபடி எழுதுவதுதான். செட்டின் 'மைனஸ் ஐ' கூட "அதே இடத்தில் திருத்துகிறேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு தற்காலிக ஃபைலை முழுசாக எழுதிப் பெயரை மாற்றி வைக்கிறது. ஆகவே 10 ஜிபி ஃபைலைத் திருத்த உங்களுக்கு வேண்டியது 10 ஜிபி ரேம் இல்லை, 10 ஜிபி காலி டிஸ்க் இடம். ரேமைத் திட்டுவதற்கு முன்னால் டிஸ்கில் சினிமாக்களைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்க.

நீளம் மாறாத திருத்தம் என்றால் இந்தச் செலவும் இல்லை. சிஎஸ்வியின் தலைப்பு வரியில் ஒரு ஆங்கிலப் பெரிய எழுத்து சின்ன எழுத்தாகணும், அல்லது 2023 என்பது 2024 ஆகணும் என்றால், பைட் எண்ணிக்கை மாறவில்லை. அந்த இடத்தின் பைட் எண்ணை கிரெப் சொல்லும். பைத்தானில் ஃபைலைப் படிக்கவும் எழுதவும் பைனரி முறையில் திறந்து, 'சீக்' வைத்து அந்த இடத்துக்குப் போய், அந்த ஒரு பைட்டை மட்டும் மேலெழுதிவிட்டு மூடலாம். 100 ஜிபி ஃபைலானாலும் இமைக்கும் நேரம்தான். முதல் வருஷம் சி லேபில் 'எஃப்சீக்' என்று ஒன்று படித்தோம், இதற்குத்தான். விண்டோஸில் சி எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அங்கே 'லாங்' 32 பிட் என்பதால் சாதாரண எஃப்சீக் 2 ஜிபிக்கு அப்பால் போகாது, 64 பிட் வடிவத்தைத்தான் கூப்பிடணும்.

பைத்தானிலேயே வேலை செய்பவர்கள் அதிகம் என்பதால் அதையும் சொல்லணும். 'ரீட்லைன்ஸ்' போட்டால் ஒவ்வொரு வரியும் ஒரு தனி ஸ்ட்ரிங் ஆப்ஜெக்ட். டெக்ஸ்டுக்கு மேலே வரிக்குச் சுமார் 50 பைட் கூடுதல். 1 கோடி வரி என்றால் அந்தக் கூடுதலே 500 எம்பி. 'ரீட்' போட்டு ஒரே ஸ்ட்ரிங்காக எடுத்தால் இன்னொரு வேடிக்கை. பைத்தான் 3.3 முதல், ஸ்ட்ரிங்கில் உள்ள மிகப் பெரிய எழுத்து எதுவோ அதற்கேற்ப எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்குகிறது. சுத்த ஆங்கிலம் என்றால் எழுத்துக்கு 1 பைட். தமிழ் வந்தால் 2. ஒரே ஒரு எமோஜி வந்தாலும் 4. அதாவது 1 ஜிபி ஆங்கில லாக் ஃபைலில் எவனோ ஒருத்தன் ஒரு கண்ணீர்ச் சிரிப்பு எமோஜி போட்டிருந்தால், அந்த ஸ்ட்ரிங் மட்டும் 4 ஜிபி. அந்த எமோஜிக்கு உங்க லேப்டாப்தான் அழும். ஃபார் லூப்பில் வரி வரியாகப் படித்தால் அந்த ஒரு வரி மட்டும்தான் வீங்கும். பாண்டாஸ் என்றால் 'சங்க்சைஸ்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கு, ஒரு தடவைக்கு இத்தனை வரி என்று சொல்லிவிடலாம். தேவையான காலங்களை மட்டும் கேட்டு வாங்கவும் வழி இருக்கு.

தமிழ் டெக்ஸ்டில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. பெரிய ஃபைலைத் துண்டு போட்டுத் திருத்தலாம் என்று ஸ்பிளிட் கட்டளையைப் பைட் கணக்கில் கொடுப்பார்கள். யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். "தமிழ்" என்ற சொல் பார்வைக்கு 3 எழுத்து, உள்ளே 5 குறியீடு, மொத்தம் 15 பைட். பைட் கணக்கில் வெட்டினால் கத்தி ஒரு எழுத்தின் நடுவில் விழலாம். துண்டுகளை அப்படியே மறுபடி ஒட்டினால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு துண்டை எடிட்டரில் திறந்து சேவ் பண்ணினால், உடைந்த பைட் இருந்த இடத்தில் அந்தக் கேள்விக்குறி வைத்த கருப்புக் கட்டம் உட்கார்ந்துவிடலாம். அப்புறம் அந்த எழுத்து போனது போனதுதான். வரிக்கணக்கில் வெட்டுங்க, இந்தத் தொல்லையே வராது.

வரி வரியாகப் படிப்பது எல்லாவற்றுக்கும் மருந்தா என்றால், இல்லை. 2 ஜிபி ஜேசான் ஃபைல் முழுக்க ஒரே வரியாக வந்தால் என்ன பண்ணுவது? கிரெப்பும் செட்டும் அந்த ஒரு வரியை மெமரியில் ஏற்றப் பார்த்துத் திணறும். இதற்கு ஜேசானைத் துண்டு துண்டாகப் படிக்கும் ஸ்ட்ரீமிங் பார்சர் தேவை. 'ஜேக்யூ'-வில் அதற்கு ஒரு முறை உண்டு, பைத்தானுக்கு 'ஐஜேசான்' உண்டு. டேட்டாவை உருவாக்குவதே நீங்கள் என்றால், தயவுசெய்து வரிக்கு ஒரு ஜேசான் என்று எழுதி வைங்க. உங்களுக்கு அடுத்து அந்த புராஜெக்டை எடுக்கும் ஜூனியர் உங்களைத் திட்ட மாட்டான்.

சில வேலைக்குக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்தத்தான் வேணும். அங்கே எடிட்டரைத் தவிர்க்க முடியாது. விம் அதற்கு ஏற்றது, அது டெக்ஸ்டை ஸ்வாப் ஃபைலில் பாளம் பாளமாக வைத்துக்கொள்ளும் என்பதால் ரேமைவிடப் பெரிய ஃபைலையும் சமாளிக்கும். ஆனால் "பெரிய ஃபைல்னா ஸ்வாப்ஃபைலை ஆஃப் பண்ணிடு, வேகமா இருக்கும்" என்று ஒரு அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆஃப் பண்ணினால் மொத்த டெக்ஸ்டும் மெமரிக்குத்தான் வரும். பெரிய ஃபைலுக்கு அப்படிச் செய்யாதீர்கள் என்று விம்மின் உதவிப் பக்கமே சொல்கிறது. ஆஃப் பண்ண வேண்டியது கலரையும் அன்டூவையும்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு, கிளவுட்ல ஒரு மெஷின் எடுத்தா முடிஞ்சது" என்பவர்களுக்கும் பதில் சொல்லணும். முடிஞ்சதுதான், கார்டு இருந்தால். 20 ஜிபி ஃபைலை ஹாஸ்டல் வைஃபையில் மேலே ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? மாடல் ட்ரெய்ன் பண்ண ஜிபியு வேண்டும், அங்கே கிளவுட் நியாயம். ஒரு காலத்தின் பெயரை மாற்றுவதற்கும், கெட்ட வரிகளை வடிகட்டுவதற்கும் வாடகைக்கு மெஷின் எடுப்பது, கொசுவை அடிக்க பொக்லைன் கூப்பிடுகிற கதை.

இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வருவது அந்த "முதல் 1 லட்சம் வரி" பழக்கத்தின் மேல்தான். டேட்டா பெரும்பாலும் ஏதாவது ஒரு வரிசையில் இருக்கும். தேதி வரிசை என்றால் முதல் லட்சம் வரியில் ஜனவரி மட்டும்தான் இருக்கும். லேபிள் வரிசை என்றால் ஒரே ஒரு கிளாஸ்தான் இருக்கும். அதில் 98 சதவீதம் அக்யூரசி வந்தது என்று ஸ்லைடு போட்டால், அந்த 98-க்கு என்ன அர்த்தம்? மாதிரி எடுக்கணும் என்றால் ஃபைல் முழுக்க ஒரு தடவை ஓடி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு ரேண்டம் எண் போட்டு, 0.01-க்குக் கீழே வந்தால் மட்டும் எடுங்க. ஆக்-கில் ஒரே வரி. நூற்றில் ஒன்று என்ற கணக்கில் எல்லா மூலையிலிருந்தும் வரும், ரேமும் செலவாகாது.

பொருந்தாத கருவியில் பெரிய டெக்ஸ்டைத் திணித்தால் வெளி உலகத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2020-ல் இங்கிலாந்தே உதாரணம். கோவிட் பரிசோதனை முடிவுகள் சிஎஸ்வி ஃபைல்களாக வந்தன. அங்குள்ள பொது சுகாதாரத் துறை அவற்றை எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்குள் இழுத்தது. அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடும் பணியும் தள்ளிப்போனது. ஹேங் ஆகியிருந்தால்கூட யாராவது கவனித்திருப்பார்கள். இன்றைய எக்செலுக்கு எல்லை 10,48,576 வரிசை. உங்க சிஎஸ்வி அதைத் தாண்டினால், எச்சரிக்கையைக் கவனிக்காமல் ஓகே தட்டி சேவ் பண்ணும் ஒரு ஆள் உங்க டீமிலும் இருப்பார்.

ஆகவே டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு கோரிக்கை. பேஜிங் ஒரு பேப்பரில், எக்ஸ்டர்னல் சார்ட் இன்னொன்றில், எஃப்சீக் முதல் வருஷத்தில் என்று தனித்தனியாக நடத்துகிறீர்கள், மூன்றும் ஒரே மேசையில் சந்திக்கும் ஒரு லேப் எக்ஸர்சைஸ் கூட இல்லை. ஓஎஸ் லேபில் ஒரு மதியம் ஒதுக்குங்க. உபுண்டு மெஷினில் 'யூலிமிட்' வைத்து ஒவ்வொருவரின் ஷெல்லுக்கும் 512 எம்பி மெமரி என்று பூட்டிவிடுங்க. விக்கிப்பீடியாவின் முழு உரையும் டம்ப் ஃபைலாக இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தினுடையது சுருக்கிய நிலையிலேயே 20 ஜிபிக்கு மேல், அவ்வளவு வேண்டாம் என்றால் தமிழினுடையது சின்னது. சுருக்கிய ஃபைலை விரிக்காமலே 'பிஇசட்கேட்' வழியாக கிரெப்புக்கு அனுப்பலாம் என்பதையும் அப்படியே கத்துக்கலாம். மூன்று வேலை கொடுங்க: எல்லாத் தலைப்புகளையும் தனியே எடு, அவற்றை வரிசைப்படுத்து, ஏதாவது ஒரு சொல்லை எல்லா இடத்திலும் மாற்று. வைவாவில் ஒரே ஒரு கேள்வி: முதல் வரியில் ஒரு எழுத்து சேர்த்தால் டிஸ்கில் மொத்தம் எத்தனை பைட் எழுதப்படும்?

இந்த செமஸ்டரிலேயே செய்வதாக இருந்தால், டம்பை இறக்கிக் கொண்டுவந்து தர எங்க கிளாஸில் ஆள் இருக்கு. பென் டிரைவை மட்டும் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் பண்ணி வைங்க. எஃப்ஏடி32-வாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை அது வாங்காது.